குவாய் நதிப் பாலமும் திரையில் இல்லாத முகங்களும்

தெஹியோவிட்டையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் வீதியில் உள்ளது கித்துல்கலை. டேவிட் லீன் நெறிப்படுத்திய ‘குவாய் நதிப் பாலம்’ (1957) அங்கு, களனி கங்கைக் கரையிலேயே படமாக்கப்பட்டது. ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்ற இப்படம் குடும்பத்தோர் கூடியிருந்து காணத்தக்கது. யப்பானியரிடம் கைதியான கேணல் நிக்கல்சன், தன் படையினரின் மனவுறுதியைக் காக்கவே பாலத்தைச் செம்மையாக அமைக்க முற்படுகின்றார். ஈற்றில் பகைவரின் வெற்றிக்கே உழைப்பவராகின்றார். கடமையுணர்வு செருக்காகத் திரிபடும் இந்நிலையை அலெக் கின்னஸின் நடிப்பு வளர்ந்த பிள்ளைகளுக்கும் எளிதிற் புலப்படுத்தும்.

எனினும் படத்தில் ஒரு பெருங்குறை உண்டு. 1942-43இல் அமைக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதையில் மாண்டோர் போர்க்கைதிகள் மட்டுமல்லர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரும் அங்கு மடிந்தனர். திரையில் அவர்களுக்கு இடமில்லை. இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த மாவட்டமொன்றிற் படமாகியும், அத்தகைய தொழிலாளரின் துயரத்தை அது பேசாமை முரணேயாகும்.

ஆதலின், பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டும் பெற்றோர், அது முடிந்தபின் அம்மறைந்தோரின் கதையையும் எடுத்துரைத்தல் வேண்டும். திரை சொல்லாது விட்டதை வீடு சொல்லும்போதே இப்படத்தின் பயன் நிறைவுறும்.