கரும்பு மறைந்த மண்: செபராங் பிறையும் மலேசியத் தமிழ் நாவலும்

மலேசியத் தமிழ் நாவல்களில் ‘தோட்டம்’ எனும் சொல் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டத்தையே குறிக்கின்றது. ஆயின், இன்றைய செபராங் ஜெயா அமைந்துள்ள செபராங் பிறையில், தமிழ்த் தொழிலாளர் முதலில் பெருந்தொகையாக உழைத்தது கரும்புத் தோட்டங்களிலாகும். இவ்வரலாறு நம் நாவல்களில் உரிய இடம் பெறாமைக்கான காரணத்தை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1800ஆம் ஆண்டு கெடாவிடமிருந்து பெறப்பட்ட இந்நிலத்தில், விக்டோரியா அரசியார் காலத்தில் (1837-1901) ஐரோப்பிய முதலாளிகள் கரும்புத் தொழிலை விரிவாக்கினர். இங்குத் தோட்டம் நடத்திய லெனார்ட் ரே, கரும்புச் சாகுபடி குறித்த தம் கையேட்டை 1848இல் இலண்டனில் வெளியிட்டார். முதலாளியின் பார்வை நூலாக நிலைபெற்றது. தொழிலாளியின் பார்வை அவ்வாறு நிலைபெறவில்லை.

எழுத்தறிவின்மையே இதற்குக் காரணம் என்பது போதாது. இரப்பர்த் தொழிலாளருள்ளும் எழுத்தறியாதோர் பலர். எனினும் அவர்தம் வாழ்வு நாவலாயிற்று. வேறுபாடு குடியமைப்பில் உள்ளது எனக் கருதுகின்றோம். ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்புக்கு வந்தோர் பெரும்பாலும் தனித்த ஆடவர். கங்காணி முறையிலோ குடும்பமும் உறவும் சேர்ந்து வந்தன. லயம், கோயில், பள்ளி என ஊர் உருவாயிற்று. நம் நாவலாசிரியர்கள் குடும்பத்தையே கதையின் அடிப்படை அலகாகக் கொண்டமையால், நினைவைக் கைமாற்றப் பிள்ளைகளின்றி மறைந்தோர் கதைக்குள் வர இயலவில்லை.

காலமும் இவ்விடைவெளியை மிகுவித்தது. ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. அக்காலத்தை ஒட்டியே கரும்பு நிலங்கள் இரப்பருக்கு மாறின. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்பெறும் ‘கருணாசாகரன்’ 1917இல்தான் வெளிவந்தது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்குப் பாரதியின் பாடல் கிட்டியது; செபராங் பிறைக்கு அத்தகைய பாடல் வாய்க்கவில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. 1970களில் செபராங் ஜெயா புதுநகராக எழுந்தது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பெற்றது. பழங்கரும்பு நிலமான பத்து காவானில் 2014இல் இரண்டாம் பாலம் வந்து இறங்கியது. தோட்டங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கும் பிறைத் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு இரப்பரும் பாடநூற் செய்தியாகி வருகின்றது. கரும்புக்கு நேர்ந்தது இரப்பருக்கும் நேரலாம்.

ஆதலின், தோட்ட நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்நாவல் கூறுவதோடு கூறாததையும் வினவுதல் வேண்டும். கலிடோனியா, பைராம், பத்து காவான் என்னும் இடப்பெயர்களையும் பனுவலாகக் கொண்டு மாணவர் வாசிக்கப் பழகின், பிள்ளைகளின்றி மறைந்த அவ்வாடவர்க்கும் நம் இலக்கிய வரலாற்றில் ஓரிடம் அமையும்.