காப்பும் சிற்றிலும்

பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்பு. தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்து, இந்தக் குழந்தையைக் காக்க வேண்டும் என்று புலவர் வேண்டுவார். குமரகுருபரர் மீனாட்சியைப் பாடும்போதும் அப்படித்தான். மதுரையை ஆளப்போகிறவளுக்கும் காவல் தேவை. அந்தக் காவல் அவளுடைய வேலை அல்ல, வல்லமை உள்ளவர்களின் வேலை.

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் வரும். சிறுமியர் மணலில் வீடு கட்டியிருப்பார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் அதைக் காலால் அழிக்க வருவான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அந்தக் கெஞ்சலைத்தான் நாம் இனிமை என்று படித்து வந்திருக்கிறோம்.

குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு பற்றித் தமிழில் வரும் அறிவுரைகளைப் படிக்கும்போது, காப்பைக் கைவிட்டுவிட்டுச் சிற்றிலை மட்டும் வைத்துக்கொண்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. படம் போடாதே, எண்ணைக் கொடுக்காதே, முன்பின் தெரியாதவரோடு பேசாதே. எல்லாம் எதிர்மறை ஏவல். முன்னிலையில் நிற்பவள் பெரும்பாலும் சிறுமி. 2020 பொதுமுடக்கத்தில் வகுப்பறையே கைபேசிக்குள் வந்துவிட்ட பிறகு, எட்டு வயதுக் குழந்தைக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் விளையாட்டுச் செயலியில் நாள்கணக்காகப் பாராட்டி, பரிசு கொடுத்து, ‘அம்மாகிட்ட சொல்லாத’ என்று பழக்குகிறவன் அந்தக் குழந்தைக்கு முன்பின் தெரியாதவன் அல்ல, நண்பன். சிறுவர்களும் இப்படிச் சிக்குகிறார்கள். அவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடச் சொல்லப்படுவது குறைவு. ‘யாரிடமும் படம் கேட்காதே, வந்த படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதே’ என்று மகனிடம் சொல்வதோ அதைவிடக் குறைவு.

செய்தி மொழியும் இதற்குத் துணைபோகிறது. ‘மாணவியின் படம் இணையத்தில் பரவியது’ என்று எழுதுகிறோம். பரவு தன்வினை, பரப்பு பிறவினை. பரப்பியவன் இலக்கணத்திலேயே தப்பித்துவிடுகிறான்.

‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஆபாசம் என்றதும் பேச்சு கூச்சத்தையும் ஒழுக்கத்தையும் பற்றியதாகிவிடுகிறது. அந்தப் படமோ ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட வன்முறையின் பதிவு. அத்தகைய படங்களைத் தனிமையில் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியதோடு, ‘சைல்ட் போர்னோகிராஃபி’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் கைவிட வேண்டும் என்றது. அது பாலியல் சுரண்டலையும் வன்கொடுமையையும் குறிக்கும் பெயரால் வழங்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. தமிழில் எழுதுகிற நாமும் பழைய சொல்லை விட்டுவிடலாம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை சொல்கிறது. வல்லமை உள்ளவர்களைப் பார்த்துப் பேசுவதால் இதைக் காப்பின் மொழி என்பேன். அதே சட்டம் பெற்றோரின் ஒப்புதலையும் கேட்கிறது. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் வீடு என்பது அதன் நம்பிக்கை.

மிரட்டுகிறவன் ஒரு சிறுமியிடம் சொல்வது என்ன? ‘உன் வீட்டில் சொல்லிவிடுவேன்.’ இந்த ஒரு வாக்கியம் பலிக்கிறதென்றால், அவன் கையிலிருக்கும் ஆயுதம் நாம் செய்து கொடுத்தது. சொன்னால் அடி விழும், கைபேசி போகும், அதோடு படிப்பும் நின்றுபோகலாம் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். குடும்ப மானத்தைப் பெண்குழந்தையின் உடம்பில் வைத்துக் காக்கும் வீட்டில், எத்தனை எச்சரிக்கைகளை ஒட்டிவைத்தாலும் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

அதனால் வீட்டில் முதலில் சொல்ல வேண்டியது ‘செய்யாதே’ அல்ல. ‘நீ என்ன அனுப்பியிருந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு. உன்னை அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்.’ இதை ஆபத்து வருவதற்கு முன்பே, அம்மா மட்டுமல்லாமல் அப்பாவும் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைக்கு 1098 என்ற எண் மனப்பாடமாக இருக்கட்டும்.