இது யாருது?

2018 மே மாதத்துக்கு முன்னால் உங்கள் பெயரில் ஒரு டாட் காம் வாங்கியிருந்தீர்களா? அப்படியென்றால் உங்கள் வீட்டு விலாசம், போன் நம்பர், ஈமெயில் மூன்றையும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஓசியில் பார்த்திருக்கலாம். அந்தப் பதிவேட்டுக்கு 'ஹூஈஸ்' என்று பெயர். 'இது யாருதுப்பா?' என்று கேட்டால் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். வேண்டாம் என்றால் பல கம்பெனிகளில் தனியாகக் காசு கட்டணும். சொந்த விலாசத்தை ஒளித்து வைக்க வாடகை!

எதற்காக இப்படி ஒரு ஏற்பாடு? 1982-ல் ஆர்.எஃப்.சி. 812 என்ற குறிப்பில் இது எழுதப்பட்டபோது இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க ஆராய்ச்சி ஆசாமிகள். ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட ஒரு டைரக்டரி. அவ்வளவுதான். பின்னால் வியாபாரம் வந்தது, கோடிக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். டைரக்டரி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பில் 'இது எதற்கு?' என்று வருஷக்கணக்காக விவாதித்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு வந்தால் பொறுப்பானவரைப் பிடிக்க மட்டுமே என்றது ஒரு கட்சி. வழக்குப் போடவும் திருடனைப் பிடிக்கவும்கூட என்றது வணிகச் சின்ன வக்கீல்கள் இருந்த எதிர்க்கட்சி. 2006 ஏப்ரலில் ஐகானின் கொள்கைக் கவுன்சிலில் முதல் கட்சி ஓட்டில் ஜெயித்தது. ஜெயித்து என்ன? பதிவேடு இன்னும் 12 வருஷம் திறந்தே கிடந்தது. கடைசியில் பூட்ட வைத்தது விவாதம் அல்ல, அபராதம். ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். சட்டம், மீறினால் உலக விற்பனையில் 4 சதவிகிதம் வரை பிடுங்கும். ஒரே மாதத்தில் ஞானோதயம்!

'மோசடிக்காரன் உண்மை விலாசமா எழுதுவான்?' என்று கேட்பீர்கள். எழுத மாட்டான். விலாசம் எழுதி மாட்டிக்கொண்டது யோக்கியர்கள்தான். உள்ளூர்ப் பெரும்புள்ளியைப் பற்றி எழுதுகிறவர், தொல்லை தரும் புருஷனை விட்டு ஓடிவந்த பெண் - இவர்களுடைய வாசற்கதவை நாம் ஊருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லணும். பொய் விலாசமும் ஒரு துப்புதான். ஒரே பொய் ஈமெயிலில் ஐம்பது போலி பேங்க் தளங்கள் பதிவாகியிருந்தால், ஒன்றைப் பிடித்தால் மற்றதையும் பிடிக்கலாம். இப்போது அந்த நூல் அறுந்துவிட்டது. தகவல் கேட்டு விண்ணப்பிக்க 2023 நவம்பரில் ஐகான் ஒரு ஜன்னல் திறந்தது. அதில் சேருவதைப் பதிவு நிறுவனங்களின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது.

2025 ஜனவரியில் டாட் காம் வகைப் பெயர்களுக்கு ஹூஈஸ் கட்டாயமில்லை என்றாகி, ஆர்டாப் என்ற புதிய முறை அந்த இடத்துக்கு வந்தது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து கூட்டியோ குறைத்தோ காட்ட அதற்குத் தெரியும். யாருக்கு எவ்வளவு காட்டணும் என்பதை மனுஷர்கள்தான் சொல்லணும்.

என் கட்சி இதுதான்: கடிதம் போட ஒரு வழி எல்லோருக்கும் இருக்கட்டும். விலாசம் வேண்டுமென்றால், கேட்பவர் முதலில் தன் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். 'இது யாருது?' என்று கேட்பவரிடம் 'நீங்க யாரு?' என்று திருப்பிக் கேட்பது நியாயம்தானே?