மலையோடைக்கு மேனிங் கணக்கு சரிப்படுமா?

சிவில் படிச்ச யாரைக் கேட்டாலும் ஓடும் தண்ணீரின் வேகத்துக்கு மேனிங் சூத்திரத்தைத்தான் சொல்வார்கள். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-ல் முன்வைத்தது. சரிவும் ஆழமும் கூடினால் வேகம் கூடும், படுகையின் சொரசொரப்பு கூடினால் குறையும். அந்தச் சொரசொரப்பை ஒரே எண்ணாகப் போடணும். பெரும்பாலும் அதை வென் டே சௌ 1959-ல் எழுதிய நீரியல் நூலின் அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். பெரிய பாறாங்கற்கள் கிடக்கும் மலையோடைக்கு அதில் 0.04 முதல் 0.07 வரை, வழக்கமான மதிப்பு 0.05.

நீலகிரியில் இது எடுபடாது என்பதுதான் என் வாதம்.

சமவெளி ஆற்றில் மூன்று மீட்டர் தண்ணீருக்கு அடியில் கைப்பிடிக் கல் கிடந்தால் பெரிய விஷயமில்லை. குன்னூர் பக்கத்து ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு, சார்னகைட் பாறாங்கல் இடுப்பளவு. தண்ணீர் கல்லில் மோதி, சுற்றிப் போய், படி படியாக விழுந்து, குட்டையில் சுழன்று, நுரைத்துத்தான் கீழே வருது. விழும் சக்தியில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். தண்ணீர் ஏறி கல் மூழ்க மூழ்க இந்தத் தடை குறையும். ஆக, சொரசொரப்பு எண் ஓடைக்கு ஓடை மட்டுமில்லை, ஒரே ஓடையில் ஆழத்துக்கு ஆழம் மாறும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஜாரெட், கொலராடோவில் 21 ஓடைகளில் 75 முறை அளந்து 1984-ல் வெளியிட்டது இதைத்தான் காட்டியது. சரிவு கூடினால் அந்த எண் ஏறுது, ஆழம் கூடினால் இறங்குது.

நீங்களே போட்டுப் பாருங்க. 100 மீட்டருக்கு 4 மீட்டர் இறக்கம், ஆழம் அரை மீட்டர். (கல்லாறு–குன்னூர் ரயில் பாதையில் மிகச் செங்குத்தான இடம் இதைவிட இரு மடங்கு, 12-க்கு 1.) 0.05 போட்டால் வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர். ஜாரெட் கணக்கில் எண் 0.105 வருது, வேகம் வெறும் 1.2 மீட்டர். பாதிகூட இல்லை!

இதனால் என்ன கெட்டுப்போச்சு? தப்பு இரண்டு பக்கமும் அடிக்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு கரையில் உள்ள தண்ணீர்த் தடத்தை வைத்து எவ்வளவு தண்ணீர் போனது என்று கணக்கிட்டால், இரு மடங்கு வரும். மாறாக, மழை அளவிலிருந்து வெள்ளத்தைக் கணித்து, அது எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்த்தால், குறைவாக வரும். மேலே சொன்ன ஓடையில் அரை மீட்டர் என்று கணக்கு சொல்லும் வெள்ளம் உண்மையில் முக்கால் மீட்டர் நிற்கும். அதை நம்பிக் கட்டிய சிறுபாலத்துக்கு மேலே தண்ணீர் ஏறினால் மழையைத்தான் குறை சொல்வோம்.

சௌவைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆழத்தோடு இந்த எண் மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார், அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டது நாம்தான். ஜாரெட் கணக்கும் வேதவாக்கு இல்லை. அது கொலராடோ ஓடைகளில் எடுத்தது, இதைவிடச் செங்குத்தான இடங்களுக்கு நீட்டுவது ஆபத்து. தேயிலைச் சரிவிலிருந்து மண்ணும் மரமும் சேர்ந்து வந்தால் இரண்டுமே உதவாது.

அளப்பதுதான் வழி, செலவும் பெரிதில்லை. எடை போட்ட உப்பை வாளித் தண்ணீரில் கரைத்து ஓடையில் ஊற்றி, கொஞ்ச தூரம் கீழே மின்கடத்து மீட்டரை வைத்தால் வேகமும் கிடைக்கும், தண்ணீரின் அளவும் கிடைக்கும். சூத்திரத்தைக் கெடுக்கும் அதே பாறைகள் உப்பை நன்றாகக் கலக்கிக் கொடுக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை, வேறு வேறு ஆழங்களில் அளந்தாலே போதும், அந்த ஓடைக்கான எண்களை அந்த ஓடையே சொல்லும்.