கைப்பேசித் திரையில் அடியெல்லை: மதுரைத் திட்ட மின்பதிப்புகளை முன்வைத்து

1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் நகரின் பெயரைத் தாங்கியது. அதன் தொடக்கப் பக்கங்கள் மேசைக் கணினிக்கென அமைந்தவை. திஸ்கி குறியேற்றத்தைப் படிக்கத் தனி எழுத்துரு வேண்டியிருந்தது. ஒருங்குறி வந்தபின் கைப்பேசியிலும் எழுத்துகள் தெரிந்தன. அத்துடன் தகவமைப்பு நிறைவுற்றதாகக் கருதுவது பொருந்தாது.

நேரிசை ஆசிரியப்பாவின் அடிகள் நாற்சீர் பெறும். ஈற்றயலடி மட்டும் முச்சீராய் நிற்கும். அச்சில் அக்குறுக்கம் பார்த்த அளவிலேயே புலப்படும். குறுந்திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் நான்காம் சீர் கீழிறங்க, முச்சீர் வரிகள் பெருகி ஈற்றயலடி அடையாளமிழக்கிறது. குறளின் முதலடி இவ்வாறு ஒடிந்தால் சிந்தியல் வெண்பாவோ என ஐயுற வைக்கும். பி.டி.எஃப். வடிவம் அடியைக் காக்கும். படிப்பவரோ பக்கத்தை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும்.

ஓலைச்சுவடிகளில் செய்யுள் அடிபிரிக்கப்படாமல் தொடர்ந்தே எழுதப்பட்டது. எனவே அடிக்கொரு வரி என்பது அச்சின் வழக்கமே என வாதிடலாம். அவ்வாதம் வலுவற்றது. ஏட்டைப் படித்தவர் யாப்பறிந்து தாமே பிரித்துக்கொண்டார்; திரையோ தவறாகப் பிரித்துத் தருகிறது.

ஒவ்வோர் அடியையும் தனிக்கூறாகக் குறியிட்டு, மடங்கும் பகுதியை உள்தள்ளி அமைத்தால் இக்குறை நீங்கும். ஆயினும் இதனை நிரலரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. பாடவேறுபாட்டால் அடியெல்லை மாறும் இடங்களில் முடிவெடுக்க வேண்டியவர் பதிப்பாசிரியரே.