உயிர்வேதியியல் முதுகலைப் படிப்பு: இந்தியாவிலும் இலங்கையிலும்

உயிரினங்களின் உடலில் நிகழும் வேதிவினைகளை ஆராயும் துறை தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் என்றும் இலங்கையில் உயிர் இரசாயனவியல் என்றும் வழங்குகிறது. இத்துறையில் இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் எம்.எஸ்ஸி. பட்டம் அளிக்கின்றன, பாடத்திட்டங்களில் நொதியியல், வளர்சிதை மாற்றம், மூலக்கூற்று உயிரியல் ஆகியவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இடம்பெறுகின்றன. ஆயினும் அப்பட்டத்தைப் படிப்பவர் யார், வாழ்வின் எந்தக் கட்டத்தில், எதன்பொருட்டுப் படிக்கிறார் என்று நோக்கினால், இந்திய எம்.எஸ்ஸி.க்கு நிகராக வைக்கத்தக்கது இலங்கையின் எம்.எஸ்ஸி. அன்று, அந்நாட்டு நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டே என்பது புலப்படும்.

தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பை முடித்தவர், பெரும்பாலும் இருபத்தொரு வயதில், இடைவெளியின்றி முதுகலையில் சேர்கிறார். நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டு முழுநேரப் படிப்பு அது. பல்கலைக்கழகத் துறைகளில் மட்டுமன்றி, இணைப்புக் கல்லூரிகள் பலவற்றிலும் அது நடத்தப்படுவதால், மாவட்டத் தலைநகரை விட்டு வெளியேறாமலே பட்டம் பெற முடிகிறது. தொலைவில் தங்கிப் படிக்க வீட்டில் இசைவு கிடைக்காத பெண்கள் இத்துறையில் முதுகலை வரை வர இயன்றதற்கு இக்கல்லூரிகளே பெரிதும் காரணம் எனலாம். மாணவர் எழுதும் செய்முறை ஏடு, அதாவது ரெக்கார்டு, ஆசிரியரின் கையொப்பம் பெற்று, துறைத்தலைவரின் சான்றுடன் புறத் தேர்வாளர் முன் வைக்கப்படுகிறது. தேர்வன்று சீட்டு எடுத்து, அதில் வந்த சோதனையைச் செய்ய வேண்டும். லௌரி முறையில் புரதத்தை அளவிடும் சோதனை வந்தால், முதலில் செய்முறையை எழுதிக் காட்டி, காரத் தாமிரக் கரைசலையும் ஃபோலின் வினைப்பொருளையும் சேர்த்து, அரைமணி நேரம் காத்திருந்து, எழும் நீலநிறத்தின் செறிவை 660 நானோமீட்டரில் நிறமானியால் அளந்து, செறிவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு வரைந்த கோட்டின் துணையால் தரப்பட்ட மாதிரியின் அளவைச் சொல்ல வேண்டும். விடை உண்மை அளவுக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அதற்கேற்ப மதிப்பெண் கிடைக்கும். கைத்திறனைச் சோதிக்க இது நல்ல முறையே. ஆனால் விடை தேர்வாளருக்கு முன்பே தெரிந்திருப்பதால், ஆராய்ச்சி எனப்படுவதன் சுவையை மாணவர் இங்கே அறிவதில்லை. அது நான்காம் பருவத்து ஆய்வேட்டில்தான் முதன்முதலாக வாய்க்கிறது. அதுவும் ஓரிரு திங்களில், சில இடங்களில் வெளி ஆய்வகம் ஒன்றுக்குக் கட்டணம் செலுத்தி, முடிந்துவிடுகிறது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். புரதச் சங்கிலியின் முறுக்குக் கோணங்களில் எவை இயலும், எவை இயலா என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் வெளியானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்த ஆய்வைத் தமிழ்நாட்டு மாணவர் பலர் ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே அறிந்திருப்பது வருத்தத்துக்குரியது.

இலங்கையில் மாணவரின் முதல் ஆய்வு இளநிலையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பொதுப் பட்டம் மூன்றாண்டு. சிறப்புப் பட்டமோ நான்காண்டு. அதன் இறுதியாண்டில் மாணவர் தனி ஆய்வுத் திட்டம் ஒன்றை மேற்கொண்டு, ஆய்வறிக்கை எழுதி, ஆசிரியர் குழுவின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். நீரிழிவுக்கு நாட்டு வைத்தியத்தில் பயன்படும் தாவரச் சாறுகள் குருதிச் சர்க்கரையைக் குறைக்கின்றனவா என்பதும், வடமத்திய மாகாணத்து உழவரிடையே பரவிய, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் அந்நாட்டு உயிர் இரசாயன ஆய்வுகளுக்கு நெடுங்காலமாகப் பொருளாக இருந்துவருகின்றன. இத்தகைய பயிற்சியுடன் வெளியேறுபவருக்கு எம்.எஸ்ஸி., அதாவது இலங்கை வழக்கில் முதுமாணிப் பட்டம், உடனடித் தேவையன்று. உயர் வகுப்பில் தேறியவர் தகுதிகாண் விரிவுரையாளராகவே நியமனம் பெற முடியும். பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கே பட்டமேற்படிப்பு வேண்டியிருக்கிறது. இந்தியாவில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பதற்கே முதுகலையில் 55 விழுக்காடும், அதன்மேல் நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ தேவை என்பதை இதனோடு ஒப்பிட்டால், ஓரிடத்தில் வாயிலாக இருக்கும் பட்டம் மற்றோரிடத்தில் வீட்டுக்குள் நுழைந்தபின் ஏறும் படியாக இருப்பது விளங்கும்.

ஆகவே இலங்கை முதுமாணி வகுப்பில் அமர்ந்திருப்பவருள் பலர் ஏற்கனவே வேலையில் உள்ளவர்கள்: அரச ஆய்வுகூட அலுவலர், பாடசாலை ஆசிரியர், தனியார் நிறுவனத் தரக்கட்டுப்பாட்டாளர் போன்றோர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் போன்ற இடங்களில் வகுப்புகள் வார இறுதியில் நடப்பதன் காரணம் இதுவே. இளநிலை வரை இலவசக் கல்வியின் பயனைப் பெற்றவர், இங்கே தம் சம்பளத்திலிருந்து கட்டணம் செலுத்துகிறார். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு, அதாவது கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாக வரிசைப்படுத்தும் அரச ஏற்பாடு, முதுமாணியை இரண்டாகப் பிரிக்கிறது: பாடநெறியை மையமாகக் கொண்டு 30 திறமைப்புள்ளிகளுடன் ஓராண்டில் முடிவது ஒன்பதாம் மட்டம், ஆய்வையும் சேர்த்து 60 திறமைப்புள்ளிகளுடன் ஈராண்டு நீள்வது பத்தாம் மட்டம். பல்கலைக்கழகப் பதவியை நாடுவோருக்குப் பின்னதே பயன்படும் என்பதால், முன்னதோடு நின்றவர் பின்னர் இடர்ப்படுவதும் உண்டு.

இந்திய மாணவரின் இடர்ப்பாடு வேறுவகையானது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர்வேதியியலுக்கெனத் தனித்தாள் இல்லை. உயிர் அறிவியல் என்ற ஒரே தாளில் சூழலியலும் பரிணாமமும் தாவர உடலியங்கியலும் உட்பட 13 அலகுகள் உள்ளன. மூன்று மணி நேரத்தில், மூன்று பகுதிகளில், 200 மதிப்பெண்களுக்கு நடக்கும் அத்தேர்வில் உயர்நிலை பெற்றால் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைக்கும். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். இலங்கையில் இவ்வாறு நாடு முழுமைக்குமான ஒரே நுழைவாயில் இல்லாமையால், இளம் ஆய்வாளர் வழிகாட்டியிடம் உள்ள நிதித்திட்டத்தையே சார்ந்திருக்க நேர்கிறது. இந்திய முறை நேர்மையானது, ஆனால் முதுகலையின் இரண்டாம் ஆண்டையே பயிற்சி நிலையங்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆய்வேட்டுக்கு ஒதுக்க வேண்டிய மாலைகள் மாதிரித் தேர்வுகளில் கழிகின்றன.

ஆய்வகப் பொருள்களிலும் வேறுபாடு உண்டு. இந்தியாவில் வினைப்பொருள்களையும் பயிற்சித் தொகுதிகளையும் உள்நாட்டு நிறுவனங்களே செய்து விற்பதால், சிறிய கல்லூரியும் அவற்றை வாங்க முடிகிறது. இலங்கை ஆய்வுகூடங்களோ பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருப்பவை என்பதால், 2022-இன் அந்நியச் செலாவணி நெருக்கடி அவற்றை நேரடியாகத் தாக்கியது.

அண்மைக் காலத்தில் இந்தியாவின் தேசிய விதிகள் இலங்கை முறையை நோக்கி நகர்ந்துள்ளன. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு இளநிலையையும், அதை முடித்தவருக்கு ஓராண்டு முதுகலையையும் முன்வைத்தது; 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியதோடு, நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு பெற்றவர் நேரே முனைவர் பட்ட ஆய்வில் சேரவும் இடமளித்தது. இலங்கையில் எம்.ஃபில். பதினோராம் மட்டமாக இன்றும் நிலைத்திருக்கிறது. இந்தியாவின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில் மூன்றும் இரண்டும் என்ற பழைய கணக்கே பெரும்பாலும் தொடர்கிறது. இந்திய அரசின் மௌலானா ஆசாத் உதவித்தொகை பெற்று முதுகலை படிக்க வரும் இலங்கை மாணவரின் நிலை இதனால் விந்தையாகிறது: சிறப்புப் பட்டத்துக்காக ஆய்வறிக்கை எழுதி முடித்தவர், ஈராண்டுப் படிப்பில் சேர்ந்தால், முதல் பருவத்தில் மீண்டும் செய்முறை ஏட்டுக்கு அட்டை போட வேண்டியவராகிறார்.