ஷேக்ஸ்பியர் அகராதிகளும் தெருக்கூத்துச் சொல்லகராதியும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

நாடக மொழிக்குத் தனியகராதி தொகுப்போர் அரிய சொற்களை மட்டும் கொள்வதா, எல்லாச் சொற்களையும் கொள்வதா என்பது முதல் வினாவாகும். அலெக்சாண்டர் ஷ்மிட்டின் ‘ஷேக்ஸ்பியர் லெக்சிகன்’ (1874–75), சி.டி. ஆனியன்ஸின் ‘ஷேக்ஸ்பியர் கிளாசரி’ (1911) ஆகிய இரண்டும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை தருகின்றன. அவற்றுள் தெருக்கூத்துக்கு உகந்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு அகராதிகள்

ஷ்மிட் ஜெர்மானியர், ஆங்கிலம் அவருக்குக் கற்ற மொழி. ஆகவே எளிய சொல்லையும் அறிந்ததெனக் கொள்ளாது, அது பயிலும் இடங்களைத் தொகுத்துப் பொருள் வகுத்தார். ‘பிரசென்ட்லி’ என்னும் சொல்லுக்கு இன்று ‘சற்று நேரத்தில்’ என்பது பொருள். ஷேக்ஸ்பியரிடம் பெரும்பாலும் ‘உடனே’ என்பதே பொருள். இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் அரச கட்டளையையே தாமதப்படுத்திவிடுவார்.

எனினும் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதற்பகுதி 1884இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஷ்மிட்டின் நூலில் சொல் வரலாற்றுக்கு இடம் குறைவு. அப்பேரகராதிப் பணியில் பயின்ற ஆனியன்ஸ் அக்குறையை ஈடுசெய்தார். ஆயின் இன்றும் பொருள் மாறாது வழங்கும் சொற்களை விலக்கினார்.

தெருக்கூத்துக்குப் பொருந்துவது

கூத்து மரபு வலுவாக வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில், புரிசை முதல் கீழ்பென்னாத்தூர் வரையுள்ள ஊர்களின் மாணவர்க்கு ‘தரு’, ‘திரை’, ‘களரி’ ஆகியன புதிய சொற்கள் அல்ல. இடர் அங்கேதான் உள்ளது. இலக்கியத்தில் மரத்தைக் குறிக்கும் ‘தரு’ கூத்தில் பாடல் வகை. ‘திரை’ என்பது வேடதாரி வெளிப்படுமுன் இருவர் பிடித்து நிற்கும் துணி. ‘களரி’ என்பது ஆடுகளம். அருஞ்சொற்களை மட்டும் தேடுவோர் இவற்றை அறிந்த சொற்களெனக் கடந்துவிடுவர். ஆகவே ஷ்மிட்டின் முழுமை நெறியே இங்கு வேண்டப்படுகிறது.

ஆனால் அந்நெறியை அவ்வாறே பெயர்த்துக்கொள்ள இயலாது. ஷ்மிட்டுக்கு அச்சில் நிலைபெற்ற பனுவல் இருந்தது. காட்சி எண்ணைச் சுட்டினால் போதும். கூத்திலோ அச்சுப் பனுவல், கையெழுத்துப் படி, களரியில் பேசப்படும் வசனம் ஆகிய மூன்றும் வேறுபடும். கட்டியங்காரன் பேச்சு அன்றன்று பிறப்பது. எனவே ஒவ்வொரு பதிவும் சொல் கிடைத்த மூலம், ஊர், குழு, ஆண்டு ஆகியவற்றைச் சுட்டல் வேண்டும்.

முடிவுரை

ஷ்மிட்டின் முழுமை, ஆனியன்ஸின் வரலாற்று நோக்கு, களப்பதிவு ஆகிய மூன்றும் இணைந்தாலன்றிக் கூத்துச் சொல்லகராதி அமையாது. மூன்றனுள் களப்பதிவே முந்துதற்குரியது. நூல்கள் நூலகத்தில் காத்திருக்கும். ஆடிப் பழகிய முதியோர் நாவிலுள்ள பொருள் காத்திராது.